அடுத்தவர் சுவர், நம் சுண்ணாம்பு

தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும்போது, ஒரு வீடு ஏறக்குறைய எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்பதை அதன் வாசற்படியைப் பார்த்தே சொல்லிவிடலாம். எழுபதுகளில் கட்டிய வீடென்றால் சாலையிலிருந்து இரண்டு படி இறங்கி உள்ளே போக வேண்டும். தொண்ணூறுகளில் கட்டியது பெரும்பாலும் சாலைக்குச் சமமாக இருக்கும். அண்மையில் கட்டியதற்கு ஐந்தாறு படி ஏற வேண்டும். வீடுகள் தாழவில்லை, சாலைதான் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைக் கொட்டுவது புறநகரின் நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு முறையும் சில அங்குலம் கூடும். கட்டியபோது பெருமிதமாக நின்ற வீடு, பேரன் பிறக்கும் காலத்தில் பள்ளத்தில் கிடக்கும். வீட்டின் சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, வீட்டை அப்படியே மூன்றடி, நான்கடி தூக்கித் தரும் தொழில் சென்னையில் செழித்ததற்கு இதுவே காரணம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்கிறது பழமொழி. இவ்விரண்டுக்கும் நடுவில் வரும் காலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, சொந்த வீடு இன்னும் வரவில்லை. குடும்பம் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளர்கிற குடும்பத்துக்கு ஏற்ப, தனக்குச் சொந்தமில்லாத சுவர்களை இடித்தும் பூசியும் உயர்த்தியும் தாழ்த்தியும் வாழ வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்தக் காலம் 1994இலிருந்து 2010 வரை பதினாறு ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் இருவர் அறுவரானோம். ஒரு போர்ஷன், ஒரு வாடகைத் தனிவீடு, ஒரு பழைய ஃபிளாட் என்று மூன்று இடங்களைப் பழுது பார்த்தோம். இந்தச் செலவுகளைப் பற்றி எங்கள் உறவினர்களிடையே ஒரே கருத்துதான் நிலவியது: ‘எல்லாம் அடுத்தவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த காசு.’ அந்தக் கருத்தோடு எனக்குள்ள நெடுநாள் வழக்கே இந்தக் கட்டுரை.

முதல் வீடு மேற்குத் தாம்பரத்தில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அதன்பின் இந்தப் பக்கத்து ஊர்களின் நிலவிலையும் வாடகையும் ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்பதை வைத்தே தீர்மானிக்கப்பட்டு வந்தன. நாங்கள் குடிபோனபோது மீட்டர் கேஜ் வண்டிகள்தான் ஓடின. 2004 ஜூலை முதல் தேதியோடு அவை நின்றன. எங்கள் போர்ஷன் நிலையத்திலிருந்து இருபத்தைந்து நிமிட நடையில் இருந்தது. ஆகவே மாத வாடகை தொள்ளாயிரம் ரூபாய்தான். முன்னறை, ஒரு படுக்கையறை, சமையலறை. கிணற்றடியில் மூன்று குடித்தனங்களுக்கும் பொதுவாக ஒரு குளியலறை. சென்னை வழக்கப்படி பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தோம். அதற்காகத் திருமணத்துக்கு வந்த இரண்டு மோதிரங்கள் அடகுக்குப் போயின.

அந்தச் சமையலறையில் மேடை கிடையாது. உட்கார்ந்து சமைத்த தலைமுறைக்காகக் கட்டிய அறை அது. மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்த ஆறாம் மாதத்தில் தரையில் உட்கார்ந்து எழுவது எனக்கு இயலாமல் போயிற்று. செங்கல்லைக் கால்களாக எழுப்பி, அதன்மேல் கடப்பாக் கல்லைப் பதித்து மேடை போட்டுக்கொள்ள அனுமதி கேட்டோம். “தாராளமா போட்டுக்குங்கம்மா. காலி பண்ணும்போது பேத்து எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார் ஹவுஸ் ஓனர். வந்த மேஸ்திரி டேப்பை எடுப்பதற்கு முன் என்னை நேராக நிற்கச் சொன்னார். கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு நான்கு விரல் கீழே சுவரில் கரிக்கோடு போட்டார். “அடுப்பு வேற, மேடை வேறம்மா. அடுப்புக்கு மேல பாத்திரம் இருக்குது பாருங்க, அதையும் சேத்துக் கணக்குப் போடணும்” என்று சொல்லி, கோட்டை இன்னும் இரண்டு விரல் கீழே இறக்கினார். தரையிலிருந்து 32 அங்குலம் வந்தது. மொத்தச் செலவு ஒரு மாத வாடகையைவிடச் சற்று அதிகம்.

வீடு என்பது உடம்பின் அளவில் தொடங்குகிறது என்று எனக்குச் சொல்லித் தந்த முதல் ஆசிரியர் அந்த மேஸ்திரிதான். நான்கு ஆண்டு கழித்து அந்த மேடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அந்த 32 அங்குலத்தை மட்டும் என் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

1998இல் மாமாவும் அத்தையும் செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டார்கள். மாமா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கு இரண்டு முழங்காலும் அப்போதே தேயத் தொடங்கியிருந்தன. போர்ஷன் போதாமல் குரோம்பேட்டையில் ஒரு தனிவீடு பார்த்தோம். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் அது. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணி பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பது பலரும் அறிந்த செய்தி. எங்கள் வீட்டுக் கிணற்றில் நீர் நிறையவே இருந்தது. வாயில் வைக்கத்தான் முடியாது. துணி துவைத்தால் பழுப்பேறும். குடிக்கவும் சமைக்கவும் குடத்துக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்கினோம்.

அந்த வீட்டின் பின்னறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. முதல் மழைக்கே சுவர் இரண்டடி உயரத்துக்குக் கறுத்தது. பிறகு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்று வயதுப் பெண்ணுக்கு இரவில் இளைப்பு வந்தது. நாங்கள் கூரையில் ஒழுகலைத் தேடிக்கொண்டிருந்தோம். மாமாதான் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து ஏறுகிறது என்றார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும். அதைத் தடுப்பதற்காகப் பேஸ்மட்டத்தின் தலையில், சுவர் தொடங்கும் இடத்தில், நீர் புகாத சிமெண்டுப் படலம் ஒன்று போடுவார்கள். அந்த வீட்டில் அது இல்லை. கட்டி முடித்த வீட்டில் அதைச் சேர்ப்பது பெரும்பாடு. எங்களால் முடிந்தது, பூச்சை மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்காப்புக் கலவை சேர்த்து மறுபடி பூசியது மட்டுமே. அதனால் ஓதம் நிற்கவில்லை என்றாலும் வெகுவாகக் குறைந்தது. குழந்தை இரவில் தூங்கினாள்.

அடுத்தது கழிவறை. கொல்லையில் பதினைந்து அடி தள்ளி, இரண்டு படி உயரத்தில், குந்தி உட்காரும் வகையில் இருந்தது. முழங்கால் மடங்காத ஒருவருக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு மலையேற்றம். அத்தை அதைக் குறித்து ஒருமுறையும் முறையிட்டதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கோடைக்காலத்திலும் இரவுச் சாப்பாட்டின்போது அவருடைய தம்ளர் நிறைந்தபடியே இருப்பதைக் கவனித்த பிறகே எனக்கு அது புரிந்தது. பின்கட்டை ஒட்டி, படியில்லாமல், அகலமான கதவோடு வெஸ்டர்ன் கழிவறை ஒன்றைக் கட்டினோம். ஓதத்தையும் சேர்த்து எல்லாம் 38,000 ரூபாய். மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் உரிமையாளர்.

பதினான்கு மாதம் கழித்தோம். பதினைந்தாவது மாதம் அவர் வந்து வாடகையை எண்ணூறு ரூபாய் ஏற்றினார். காரணம் கேட்டதற்கு, “இப்ப வீடு முன்ன மாதிரியா இருக்கு? நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் போன பிறகு மாமா, “நாம பண்ணின பழுதுக்கு நாமே வாடகை குடுக்கறோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வகுப்பில் ஒரு கணக்கின் விடையைப் படிப்பவர் போலச் சொன்னார். 2003இல் அவருடைய மகனுக்குத் திருமணம் நிச்சயமாகி, வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது எங்கள் பையனுக்கு மூன்று வயது. கழிவறைக் கணக்கு பாதியில் நின்றது.

உறவினர்களின் ‘அடுத்தவன் சுவர்’ வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. பணக்கணக்கில் அவர்கள் சொன்னது சரி. ஆனால், ஐந்து ஆண்டு ஒரு முதியவள் தாகத்தோடு படுக்கவில்லை, ஒரு குழந்தை மூச்சுத் திணறி எழவில்லை. இவற்றை எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று யாரும் சொன்னதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் தற்காலிகமாக வாழ்வதில்லை. வீடுதான் தற்காலிகம், அங்கே கழிகிற ஆண்டுகள் அவர்களுடைய சொந்த ஆண்டுகள்தாம். ஒரு குழந்தையின் மூன்றாவது வயதைச் சொந்த வீடு கட்டி முடிக்கும்வரை தள்ளிவைக்க முடியாது.

அதே ஆண்டு சேலையூரில், எண்பதுகளில் கட்டிய அடுக்ககத்தின் தரைத்தளத்தில் 720 சதுர அடியில் ஒரு பழைய ஃபிளாட்டை வாங்கினோம். வீட்டுக் கடன் வட்டி முந்தைய பத்தாண்டை நோக்கக் குறைந்திருந்த காலம். குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமான வரிக் கழிவும் உண்டு என்பதால் மாதச் சம்பளக்காரர்கள் பலரும் துணிந்தார்கள். வாங்கிய பிறகு பழுதுக்காக ஒரு தனிக் கடன் கேட்டபோதுதான் அந்தச் சட்டத்தின் இன்னொரு வரி தெரியவந்தது: வாங்கவோ கட்டவோ எடுத்த கடனுக்கு ஒன்றரை லட்சம், பழுது பார்க்க எடுத்த கடனுக்கு முப்பதாயிரம். 2014இல் முன்னது இரண்டு லட்சமாக உயர்ந்தது, பின்னது உயரவில்லை. கட்டுவதைத்தான் சாதனையாக நம் சமூகம் கருதுகிறது. பழுது பார்ப்பதை ஏதோ வீட்டுவேலை போலப் பார்க்கிறது. வரிச் சட்டமும் நம் சமூகத்திலிருந்துதானே வருகிறது!

அந்த ஃபிளாட்டில் கற்றது கம்பியைப் பற்றி. குளியலறை விட்டத்தில் சிமெண்டு உப்பி, கைப்பிடி அளவில் உதிர்ந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது பருக்கப் பருக்கச் சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே பூசி மறைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி உதிரும். கம்பி முழுதாகத் தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே மறுபடி மூட வேண்டும். மறைப்பதைவிடத் திறப்பதற்குத்தான் கூலி அதிகம் ஆயிற்று. 2003 - 2004 வறட்சியில் போர் வற்றி, லாரித் தண்ணீருக்காக ஒன்பது குடும்பங்களும் இரவு பதினொரு மணிக்கு விழித்திருந்தோம். மழைநீர்ச் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியதும் 2003இல்தான். எங்கள் அடுக்ககத்தில் குழாயை எந்தப் பக்கம் இறக்குவது என்று மூன்று கூட்டம் போட்டுச் சண்டையிட்டுத் தீர்மானித்தோம்.

அறுவருக்கு 720 சதுர அடி. பால்கனியை அலுமினியச் சட்டமிட்டு மூடி மாமாவின் கட்டிலைப் போட்டோம். கூடத்தில் பிளைவுட் தடுப்பு வைத்து மகளுக்குப் படிக்க ஓரிடம் செய்தோம். மாமா அதையெல்லாம் பார்த்துவிட்டு, “இந்த வீட்டுக்கு இனிமே உள்பக்கமாத்தான் வளர முடியும். மேல ஒரு செங்கல் வைக்க முடியாது” என்றார். அதன்பின் அவர் மனை தேடத் தொடங்கினார்.

அவர் மனை தேடிய விதம் தனி. தரகர்களிடம் போகமாட்டார். 2005 இறுதியில் சென்னையில் பெருமழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். மழை விட்ட ஒவ்வொரு நாளும் குடையோடு கிளம்பி ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் என்று நடந்து, எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று டைரியில் குறித்துக்கொள்வார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும் வழியை ஒரு கோட்டுப்படமாகவே வரைந்து வைத்திருந்தார். வெயில் காலத்தில் எல்லா மனையும் நல்ல மனைதான் என்பார். 2006இல் மாடம்பாக்கத்தில், முக்கால் கிரவுண்டு, முப்பதுக்கு அறுபது மனை ஒன்றை முடித்தோம். சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் பெற்ற மனை. அதே பகுதியில் அங்கீகாரம் இல்லாதவை கணிசமாகக் குறைந்த விலையில் கிடைத்தன. அவர் அசையவில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வரும்வரை விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் பலர் தவித்தபோது அவரை நினைத்துக்கொண்டோம். அதைப் பார்க்க அவர் இல்லை. 2008இல், மூடிய பால்கனியில் கிடந்த அந்தக் கட்டிலிலேயே அவர் காலமானார். மனையைச் சுற்றி அவர் நட்ட கல்கால்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

ஃபிளாட்டை விற்று, மேலும் கடன் வாங்கி, 2009 இறுதியில் கடைக்கால் தோண்டினோம். எஞ்சினியர் வரைபடத்தோடு வந்தார். என்னிடம் கணக்கு நோட்டு இருந்தது. சமையல் மேடை 32 அங்குலம். சுவர் தொடங்கும் இடத்தில் ஓதத்தடுப்புப் படலம், அதைப் போடும்போது நான் நேரில் இருக்க வேண்டும். குளியலறைக் கதவு மூன்றடி அகலம், வாசலில் தடுக்குப்படி கூடாது. குளியலறைத் தளத்தில் கம்பிக்குக் கீழே போதிய கனத்தில் கான்கிரீட் இருக்க வேண்டும். இப்படி இரண்டு பக்கம். படித்துப் பார்த்த எஞ்சினியர், “நீங்க முன்னாடியே வீடு கட்டியிருக்கீங்களா மேடம்?” என்று கேட்டார். மூன்று வீடு பழுது பார்த்திருக்கிறேன் என்றேன்.

நோட்டில் விடையில்லாத கேள்வி ஒன்றும் இருந்தது. பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்? மாமாவின் டைரி, சாலையிலிருந்து குறைந்தது மூன்றடி என்றது. மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் இருந்த போர்ஷன் அதற்குள் சாலைக்குக் கீழே போய்விட்டிருந்தது. மூன்றடி என்றால் ஆறு படி. அத்தையின் முழங்காலால் அப்போது இரண்டு படிக்கு மேல் ஏற முடியாது. தண்ணீருக்காக உயர்த்தினால் அத்தை வீட்டுக்குள் சிறைப்படுவார். அத்தைக்காகத் தாழ்த்தினால் வீடு தண்ணீருக்குச் சிறைப்படும். மேஸ்திரி அத்தையிடமே கேட்டார். “எனக்காக வீட்டத் தாழ்த்தாதப்பா. நான் எத்தனை நாளு இருக்கப்போறேன்? வீடு இருக்கும்” என்றார் அத்தை. அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. மாலையில் நிறைந்தபடியே இருந்த அந்தத் தம்ளர் என் கண்ணில் நின்றது. அவர் வேண்டாம் என்று சொல்வதை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டைக் கட்டிவிடக் கூடாது.

சாய்தளம் ஒன்றே வழி. ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அதன் விதி. அதைவிடச் செங்குத்தானால் முதியவர்கள் தடுமாறுவார்கள். மூன்றடிக்கு 36 அடி. அறுபதடி நீள மனையில் ஒரு பக்கம் முழுக்க அது ஓடியது. நாங்கள் வரைந்து வைத்திருந்த தோட்டமும், மாமரத்துக்கென்று குறித்த மூலையும் போயின. காரை நிறுத்த இடமில்லை. எங்களிடம் கார் இல்லாததால் அது பெரிதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தார் இதென்ன ரேஷன் கடையா, மூட்டை இறக்கச் சாய்தளம் போடுகிறீர்கள் என்று கேலி செய்தார்கள். 2010 ஆவணியில் கிரகப்பிரவேசம். அத்தை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒருமுறை நின்று, தானாகவே ஏறி வந்தார். அதன்பின் ஒவ்வொரு மாலையும் அந்தச் சாய்தளத்தில் இறங்கித் தெருமுனைவரை போய் வருவது அவருடைய வழக்கமானது.

அந்தச் சாலையும் சும்மா இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் இருமுறை தார் போட்டார்கள். மூன்றடி இரண்டரை அடியாகக் குறைந்திருந்தபோது 2015 டிசம்பர் முதல் தேதி வந்தது. அன்று தொடங்கி மறுநாள் காலைவரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று வெள்ளம் புகுந்து, படகுகளில் மக்களை மீட்டார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் சாய்தளத்தில் முக்கால் தூரம் ஏறி நின்றது. பள்ளத்திலிருந்த மூன்று வீட்டுக்காரர்கள், கேலி செய்தவர்களும்தான், இரண்டு இரவு எங்கள் கூடத்தில் தங்கினார்கள். அவர்களில் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து அந்தச் சாய்தளத்தின் வழியாகவே மேலே தூக்கி வந்தோம். 32 அங்குல மேடையில் பதினேழு பேருக்கு உப்புமா கிண்டினேன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பழைய போர்ஷன் இருந்த தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று கேள்விப்பட்டேன். அங்கே விட்டுவந்த மேடை இடுப்புக்கும் கீழேதான் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

புறநகரின் மொட்டை மாடிகளில் தூண்களின் தலையிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதை யாரும் பார்த்திருக்கலாம். பிள்ளைகள் பெரியவர்களானால் மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையின் அடையாளம் அது. நாங்களும் விட்டிருந்தோம், 2013இல் மேல்தளம் எழுப்பியும்விட்டோம். ஆனால் குடும்பம் நாம் நினைக்கும் திசையில் வளர்வதில்லை. அத்தை 2018இல் காலமானார். அடுத்த ஆண்டு மகள் திருமணமாகிப் போனாள். மகனுக்குப் பெங்களூரில் வேலை. அறுவருக்காகத் திட்டமிட்ட வீட்டில் இருவர் இருக்கிறோம். வீடு எப்போதுமே நேற்றைய குடும்பத்தின் அளவுக்குத்தான் கட்டப்படுகிறது என்று தோன்றுகிறது. கட்டி முடிக்கும்போது குடும்பம் வேறொன்றாகிவிடுகிறது. மாடம்பாக்கமே இடையில் பேரூராட்சி என்ற நிலை மாறி, 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது.

மேல்தளத்தை வாடகைக்கு விட்டோம். வாடகைச் சட்டமும் மாறியிருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளையடிப்பதும் சுவர்ப் பழுதும் உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு என்று பட்டியலும் தருகிறது. குரோம்பேட்டைக் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைத்துப் பட்டியலைக் கவனமாகப் படித்தேன். உடைந்ததைச் சரிசெய்வது பற்றித்தான் அது பேசுகிறது. உடையாத ஒன்று, குடியிருப்பவரின் உடம்புக்குப் பொருந்தாமல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் இடமில்லை.

மேலே இப்போது இருப்பவர்கள் இளம் தம்பதியர். இரண்டு வயதுக் குழந்தை உண்டு. அந்தப் பெண் நல்ல உயரம். குடிவந்த மூன்றாம் மாதம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “ஆன்ட்டி, சமையல் மேடை எனக்கு ரொம்பத் தாழ்வா இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்குது. நாலு அங்குலம் ஏத்திக்கலாமா? செலவு எங்களோடது.” மேல்தளத்திலும் நான் 32 அங்குலமே வைத்திருந்தேன். அந்த அளவு எனக்கு எவ்வளவு சொந்தமானது என்பதை அந்தக் கணத்தில் உணர்ந்தேன். நாளை குள்ளமாக ஒருவர் வந்தால் என்ன செய்வது என்றார் என் கணவர். அப்போது மறுபடி இறக்கலாம் என்றேன். ஒரு சுவர் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது பத்திரத்தில் இருக்கும். அந்தச் சுவரோடு உடம்பை உரசி வாழ்கிறவர்களுக்கும் அதன்மேல் ஓர் உரிமை உண்டு. அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர்களும் கேட்கத் தயங்குகிறார்கள். பதினாறு ஆண்டுகள் அடுத்தவர் சுவரில் வாழ்ந்து நான் சம்பாதித்த சொத்து இந்த ஒரு எண்ணம்தான்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் மூன்று வரி சேர்த்து இருதரப்பும் கையெழுத்திட்டோம். மேடையை 36 அங்குலத்துக்கு உயர்த்தும் செலவு முழுவதும் பத்து மாத வாடகையில் கழிக்கப்படும். அந்த மேம்பாட்டைக் காரணம் காட்டி வாடகை உயர்த்தப்படமாட்டாது. காலி செய்யும்போது விரும்பினால் கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டும் போகலாம்.